காவேரியும் என் சிறுகுடலும்

கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் நான் பாதியாக இளைத்துவிட்டேன். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கைகள் எல்லாம் யாரோ ஒரு பெரிய மனுஷியிடம் இரவல் வாங்கியவை போலத் தொங்கின. எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பும். கொஞ்ச நேரத்தில் கொல்லைப்புறம் ஓட வேண்டும். ஸ்ரீரங்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீடு அகலம் குறைந்து நீளம் கூடியது. வாசல் ஒரு தெருவில் என்றால் கொல்லைக் கதவு அடுத்த தெருவில். கழிப்பறை கொல்லைக் கோடியில். எங்கள் அறையிலிருந்து அங்கே போய்ச் சேர, கூடத்தில் பேப்பர் படிக்கும் மாமனார், முற்றத்தில் காய் நறுக்கும் ஓரகத்தி, சமையலறை வாசலில் மாமியார் என்று எல்லாச் சோதனைச் சாவடிகளையும் தாண்ட வேண்டும். என் வயிற்றின் அன்றாட நிலவரம் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனதே இல்லை.

முதலில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். புது மாட்டுப்பெண் சாப்பிட முடியாமல் குமட்டிக்கொண்டு திரிந்தால் வேறென்ன நினைப்பார்கள்? மாமியார் எனக்கென்று தனியாக நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்து வைத்தார். மாதம் தவறாமல் நான் மூலையில் போய் உட்கார்ந்ததும் ஊறுகாய் ஜாடி பழைய அலமாரிக்கே திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். திருஷ்டி என்றார்கள். சூடு என்றார்கள். வையம்பட்டிச் சாப்பாட்டில் வளர்ந்த வயிறு ஸ்ரீரங்கத்து நெய்யைத் தாங்கவில்லை என்று ஓரகத்தி சொன்னாள். என் அப்பா வையம்பட்டியில் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். எங்கள் வீட்டிலும் நெய் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கொல்லைக்கு ஓட வேண்டியதாகிவிட்டது.

ஒருவர் கூடத் தண்ணீரைச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அந்த வீட்டில் தண்ணீர் மாமனாரின் சொத்து.

தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவருக்குக் காவேரியோடுதான் உத்தியோகம். விடியற்காலையில் படித்துறைக்குப் போய்க் குளித்துவிட்டு, ஒரு பெரிய செப்புக் குடம் நிறையத் தீர்த்தம் மொண்டு வருவார். வீட்டில் பெருமாளுக்கும் அதுதான், மனுஷாளுக்கும் அதுதான். முனிசிபாலிட்டிக் குழாய்த் தண்ணீர் துணி துவைக்க. ஆடியில் ஆறு செம்மண்ணாக வந்தால் தேத்தாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைப்பார். தெளிந்த பிறகு ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, "அமிர்தம்" என்பார். எந்த மாதத்துத் தீர்த்தத்துக்கு என்ன ருசி என்று அவரால் ஒரு மணி நேரம் பேச முடியும். நான் வந்த புதிதில், எங்கள் வீட்டில் காய்ச்சி ஆற வைத்துத்தான் குடிப்போம் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாவம் பார்க்கும் குணம்தான் இருந்தது. காய்ச்சினால் காவேரி செத்துப்போகும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். அன்றிலிருந்து உயிரோடிருக்கும் காவேரியைத்தான் நானும் குடித்துவந்தேன்.

உள்ளூர் டாக்டர் மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு முறை அல்ல, பல முறை. ஒவ்வொரு முறையும் 'ஒன்றுமில்லை' என்று வந்தது. அதில் ஒரு முறை நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வாசனை வரக்கூடாது என்பதற்காக என் கணவர் அந்தச் சின்ன பாட்டிலை நாலு சுற்றுப் பேப்பரில் மடித்து, தன் புது ரெக்ஸின் பைக்குள் நடுவாக வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு, சோதனைக்கூடத்துக்குப் போக என்னோடு பஸ் ஏறினார். பையை அவர் அணைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்த எவனோ உள்ளே நகை இருக்கிறதென்று நினைத்திருக்க வேண்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் பையை அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் கணவர் போலீசில் புகார் கொடுக்கலாமா என்று கேட்டார். பையில் என்ன இருந்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் எனக்கும் என் கணவருக்கும் பேச இடமே இல்லை. எங்கள் அறைக்குக் கதவு உண்டு. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் எப்போதும் யாராவது உண்டு. அவர் கைலாசபுரம் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். காலையில் கம்பெனி பஸ் பிடிக்க ஓடினால் இருட்டித்தான் வருவார். வந்ததும் அப்பாவோடு பேச்சு, அண்ணாவோடு பேச்சு. என்னிடம் சொல்ல மிச்சம் இருப்பது 'விளக்கை அணை' மட்டும்தான். வியாதி வந்ததும் நிலைமையே மாறிவிட்டது. டாக்டரிடம் அழைத்துப் போக அவர் லீவு போட்டார். நானும் அவருமாகப் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில். காவேரிப் பாலத்தில் காற்று. டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொள்ள ஒரு ஹோட்டல், ஹோட்டலில் காபி. எங்களுக்குத் தேனிலவு என்று ஒன்று நடந்தது என்றால் அது என் வயிற்றுப்போக்கின் உபயத்தில்தான் நடந்தது. மனுஷர் பேச ஆரம்பித்தால் எவ்வளவு வேடிக்கையாகப் பேசுகிறார் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. தாலி கட்டிய புருஷனைப் பிடித்துப்போவதற்கு ஒரு வருஷமும் ஒரு வியாதியும் வேண்டியிருந்தது.

அப்புறம்தான் வினை வந்தது. எடை குறைந்துகொண்டே போகிறது, லேசாக ஜுரமும் காய்கிறது என்றதும் உள்ளூர் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குடலில் டி.பி.யாக இருக்கலாம் என்றார். எக்ஸ்ரேயில் சந்தேகப்படும்படி ஏதோ நிழல் இருந்தது. இப்படிப்பட்ட கேஸில் நிச்சயமாகத் தெரியாவிட்டாலும் டி.பி. மருந்தை ஆரம்பித்துவிடுவது வழக்கம், ஒன்றரை வருஷம் சாப்பிட வேண்டியிருக்கும் என்றார்.

அந்த இரண்டு எழுத்தும் வீட்டுக்குள் நுழைந்த அன்றே எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வந்தன. ஓரகத்தியின் குழந்தைகளை என் பக்கம் விடவில்லை. மாமனார் கூடத்தில் உட்கார்ந்து, மருந்து சாப்பிடும் ஒன்றரை வருஷமும் நான் வையம்பட்டியிலேயே இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்று தீர்ப்புச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை; நியாயமாகத்தான் சொன்னார். அதனால் எதிர்த்துப் பேசவும் வழியில்லாமல் போயிற்று. ஒன்றரை வருஷம் கழித்து என்னைக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்பதற்கு என்ன நிச்சயம்? டி.பி. வந்து பிறந்த வீட்டுக்குப் போன பெண்களின் கதைகள் ஊரில் நிறைய உலவின. ஒன்றிலாவது அவள் திரும்பி வந்ததாக நான் கேட்டதில்லை. சாவுக்குக் கூட எனக்கு அவ்வளவு பயமில்லை. இப்போதுதான் பேசக் கற்றுக்கொண்ட புருஷனை விட்டுவிட்டுப் போக வேண்டுமே என்றுதான் அழுதேன். டி.பி. என்றால் வையம்பட்டி, இல்லையென்றால் ஸ்ரீரங்கம். என் வாழ்க்கை அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது.

மருந்தை ஆரம்பிப்பதற்கு முன்னால் திருச்சியில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று என் கணவர் பிடிவாதமாக நின்றார். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய் அங்கே புதிதாக வந்திருந்தது. டாக்டர் மேலப்புதூர் சர்ச் பக்கத்துக்காரர். மேஜையில் மாதா படம். சிரிக்காமல் வேடிக்கை பேசுகிறவர். முதல் நாளே எல்லாம் விசாரித்தார். தண்ணீர் எப்படி என்றும் கேட்டார். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் வீட்டில் ரொம்பச் சுத்தமான தண்ணீர் என்று பெருமையாகச் சொன்னார். டாக்டரும் நம்பி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

சாப்பிடுவது உடம்பில் சேரும் இடம் சிறுகுடல், கோளாறு அங்கேதான் இருக்க வேண்டும், அதை நேரில் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். விரல் பருமனில் கறுப்பாக ஒரு குழாய். ஒரு நுனியில் விளக்கு எரிந்தது. இன்னொரு நுனியில் அவர் கண்ணை வைத்துப் பார்ப்பாராம். அதை நான் விழுங்க வேண்டுமாம். பக்கத்திலிருந்த என் கணவர் முகம் வெளுத்து, முன்னெச்சரிக்கையாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சிறுகுடல் முழுவதையும் பார்த்துவிடுமா என்று கேட்டேன். முடியாது, அது இருபது அடிக்கு மேல் நீளம், இந்தக் குழாய் அதன் வாசல் வரைக்கும்தான் போகும் என்றார்.

"வாசல்ல நின்னு பாத்தாப் போதுமா, டாக்டர்?"

"பல வீட்டுல உள்ள என்ன நடக்குதுன்னு வாசல்லயே தெரிஞ்சிடும்மா."

எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டேன். டாக்டர் சொன்னது சரிதான்.

முதல் நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் உத்தமமாகப் பட்டினி கிடந்தேன். காலையில் கிளம்பும்போது மாமியார் வீட்டுப் பெருமாள் சன்னதியிலிருந்து வந்து, உள்ளங்கையில் தீர்த்தம் விட்டு, துளசியும் கொடுத்தார். முகத்தில் கலவரம் தெரிந்தது. தனித் தட்டு வைத்தவரும் அவர்தான், அன்றைக்குப் பெருமாள் முன்னால் ரொம்ப நேரம் நின்றவரும் அவர்தான். நான் தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக் குடித்தேன். துளசியை வாயில் போட்டுக்கொண்டேன். நெஞ்சு உலர்ந்து கிடந்ததால் மெல்லாமல் அப்படியே விழுங்கினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். குடித்தீர்களா என்றார். இல்லவே இல்லை என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நினைவுகூட வரவில்லை. பெருமாள் தீர்த்தத்தை யாராவது குடிக்கிற கணக்கில் சேர்ப்பார்களா?

தொண்டையில் கசப்பாக ஒரு மருந்தை அடித்து மரத்துப்போகச் செய்தார்கள். கையில் ஒரு ஊசி போட்டார்கள். இடது பக்கமாகப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையத்தைச் செருகினார்கள். அப்புறம் "முழுங்குங்க, முழுங்குங்க" என்று சொல்லிச் சொல்லிக் குழாயை உள்ளே தள்ளினார் டாக்டர். உலகத்தில் எத்தனையோ தளிகை சாப்பிட்டிருக்கிறேன், இதுபோல ஒன்றை வாழ்நாளில் விழுங்கியதில்லை. குடல் விரிவதற்காகக் காற்றை வேறு அடித்தார்கள். மாமனார் இருக்கும் கூடத்தில் இருமக்கூட யோசிக்கிற நான், முன்பின் தெரியாத ஆண்பிள்ளையின் முகத்துக்கு நேரே ஏப்பம் மேல் ஏப்பமாக விட்டேன். கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. காது மட்டும் நன்றாகக் கேட்டது.

வயிறு சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். வாசலுக்கு வந்துவிட்டோம் என்றார். பிறகு ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"சிஸ்டர், பச்சையா என்னமோ ஒட்டியிருக்கு. இந்த மாதிரி நான் பாத்ததில்லையே."

எனக்கு உயிரே போய்விட்டது. சரி, இதுதான் அந்த வியாதி, பச்சை நிறத்தில் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று முடிவுகட்டினேன். வையம்பட்டி பஸ் கண் முன்னால் வந்து நின்றது. என் அப்பா பஸ் ஸ்டாண்டில் குடையோடு காத்திருந்தார். டாக்டர் குழாய்க்குள்ளாக ஒரு மெல்லிய கம்பியை விட்டார். அதன் நுனியில் கொக்கு மூக்கு மாதிரி ஒரு சின்ன இடுக்கி. பச்சையைப் பிடித்து வெளியே இழுத்து, நர்ஸ் நீட்டிய பஞ்சுத் துணியில் வைத்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்குக் காலையில் நடந்தது ஞாபகம் வந்தது. வாயில் குழாய், பேச வழியில்லை. பெருமாள் பிரசாதம் என்று புரியவைப்பதற்காக இரண்டு கையையும் கூப்பிக் காட்டினேன். டாக்டர் நான் கெஞ்சுவதாக நினைத்துவிட்டார். பயப்படாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று ஆறுதல் சொன்னார். நான் இன்னும் வேகமாகக் கூப்பினேன். அவர் இன்னும் கனிவாகத் தட்டிக்கொடுத்தார். நல்லவேளை, நர்ஸ் அந்தத் துணியை மூக்கருகே கொண்டுபோனார்.

"டாக்டர், இது துளசி."

டாக்டர் வேலையை முடித்தார். அந்த இடத்திலிருந்த நீரைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துக்கொண்டார். சதையிலும் துளித்துளியாகக் கிள்ளி எடுத்தார். குழாயை உருவி, என்னை உட்கார வைத்த பிறகுதான் பேசினார். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடக் கூடாது என்று சொல்லியிருந்தேனே, மூச்சுக்குழாயில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். மரத்துப்போன நாக்கை வைத்துக்கொண்டு நான் என் பக்க நியாயத்தைச் சொன்னேன்.

"அது தண்ணி இல்ல, டாக்டர். தீர்த்தம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். மாதா படத்தைப் பார்த்தார். உதவி அங்கிருந்தும் வரவில்லை. பிறகு திடீரென்று ஏதோ தோன்றியவர்போல, அந்தத் தீர்த்தம் எந்தத் தண்ணீர் என்று கேட்டார். காவேரி என்றேன். காய்ச்சியதா என்றார். தீர்த்தத்தை யாராவது காய்ச்சுவார்களா என்று நான் சிரித்தேன். அப்படியானால் வீட்டில் தினமும் குடிப்பது? அதுவும் அதே குடம்தான், அதே காவேரிதான் என்றேன். டாக்டர் உறிஞ்சி எடுத்த நீரைத் தானே கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து அறை மைக்ராஸ்கோப்புக்குப் போனார்.

அரை மணி கழித்து எங்கள் இரண்டு பேரையும் அந்த அறைக்குக் கூப்பிட்டு, பாருங்கள் என்றார். நான் கண்ணை வைத்தேன். வெளிச்ச வட்டத்தில் பேரிக்காய் வடிவத்தில் சின்னச் சின்னதாக எத்தனையோ. காற்றில் உதிரும் இலைபோலத் திரும்பித் திரும்பி அசைந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண். நான் அவற்றைப் பார்த்தேன், அவையும் என்னைப் பார்த்தன. இத்தனை நாள் என் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கும்பல் இதுதான். மலத்தில் அகப்படாமல் குடல் வாசலிலேயே ஒட்டிக்கொண்டு பிழைப்பு நடத்துமாம். காய்ச்சாத தண்ணீரில் வருமாம்; அதிலேயே பழகிய வயிறு தாங்கிக்கொள்ளுமாம், காய்ச்சிக் குடித்து வளர்ந்த என் வயிறுதான் தாங்கவில்லையாம்.

"அப்ப டி.பி. இல்லையா, டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார்.

இருக்காது என்றுதான் நினைக்கிறேன் என்றார் டாக்டர். கிள்ளி எடுத்த சதையின் ரிசல்ட் வரட்டும், அதுவரைக்கும் இந்த மாத்திரையைச் சாப்பிட்டு எடை ஏறுகிறதா பார்ப்போம், தண்ணீரை மட்டும் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் குடியுங்கள் என்றார்.

தண்ணீரால் வந்த வினை என்று மாமியாரிடம் மட்டும் சொல்லி, மாத்திரை தீரும்வரை வெந்நீர் வாங்கிக் குடித்தேன். மாத்திரை வாயெல்லாம் செம்புக்காசைச் சப்பியது மாதிரி ஒரு ருசியைக் கொடுத்தது. ஆனால் நான்காம் நாள் மத்தியானம் ஒரு அதிசயம் நடந்தது. சாப்பிட்டேன், கை கழுவினேன், எங்கேயும் ஓடவில்லை. கூடத்தில் மாமனார் பேப்பரை இறக்கி, நான் வருவேன் என்று எதிர்பார்த்து எட்டிப் பார்த்தார். ரிசல்ட்டும் வந்தது. டி.பி. இல்லை. வையம்பட்டி இல்லை.

ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். பாலத்தில் பஸ் ஏறியதும் என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"நீ வையம்பட்டிக்குப் போயிருக்க மாட்டே. அப்பா அன்னிக்குச் சொன்ன மறுநாளே நான் கைலாசபுரத்துல குவார்ட்டர்ஸ் கேட்டுட்டேன். போன வாரம் கிடைச்சுடுத்து. டி.பி.ன்னா உன்னை அங்க அழைச்சுண்டு போறதா இருந்தேன். நாம ரெண்டு பேர் மட்டும்."

இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு வேப்பமரம் என்றார். கழிப்பறை வீட்டுக்குள்ளேயே என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன்.

"அப்ப டி.பி.யாவே இருந்திருக்கலாமேன்னா."

மனுஷர் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் துக்கம் வந்துவிட்டது. வியாதி இல்லை என்றாகிவிட்டது. இனி எந்தக் காரணத்தைச் சொல்லிக் கூட்டுக் குடும்பத்தை விட்டு வெளியேறுவது? சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றார்.

எங்களைக் காப்பாற்றியது மாமனார்தான். டாக்டர் சொன்னதை என் கணவர் கூடத்தில் வைத்துச் சொன்னதும் அவர் முகம் சிவந்தது. டி.பி. என்று சொன்னபோதுகூட அவ்வளவு கோபப்பட்டவர் இல்லை. வியாதி வரலாம், அது மனுஷ உடம்பு. காவேரியில் கிருமி என்று எவனாவது சொல்லலாமா? இந்த ஆத்துல காவேரியைக் கொதிக்க வெக்கற வழக்கம் கிடையாது என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என் வாழ்நாளில் ஒரு பிடிவாதம் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப வருத்தப்படுகிற குரலில், அப்படியானால் டாக்டர் உத்தரவுக்காக நாங்கள் கைலாசபுரம் போய்த்தான் ஆக வேண்டும் என்றார். நானும் வருத்தமாகத்தான் நின்றேன். என் முகத்தை அப்படி வைத்துக்கொள்ள எவ்வளவு பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

கிளம்பும் நாள் காலையில் சாமான்கள் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தன. மாமனார் கோவிலிலிருந்து வந்து, குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே குடித்தார். இந்த ருசி உங்கள் கைலாசபுரம் குழாயில் வருமா என்று கேட்டார். வராது என்று ஒப்புக்கொண்டு சேவித்தேன். அவர் அந்தப் பக்கம் போனதும் மாமியார் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். அடுப்பில் ஒரு பெரிய தவலை. அதன் மேலிருந்த தட்டை நகர்த்தினார். ஆவி வந்தது.

"ஒரு மாசமா இந்த ஆத்துல எல்லாரும் குடிக்கறது காய்ச்சின தீர்த்தம்தான். அவர் கோவிலுக்குப் போறச்சே குடத்துல இருக்கறதைக் காய்ச்ச எடுத்துண்டு, முதல் நாள் காய்ச்சி ஆறவெச்சதைக் குடத்துல ஊத்திடறேன். இப்ப அமிர்தம்னு குடிச்சாரே, அதுவும் நேத்திக்குக் காய்ச்சினதுதான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது ஒன்று வெளியே தெரிந்தால் போதும், நாங்கள் வீட்டை விட்டுப் போக ஒரு காரணமும் இல்லை. வாசலில் வண்டி நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அதனாலதான் நான் வாயைத் திறக்கலை. சீக்கிரம் கிளம்புங்கோ," என்றார் மாமியார். தட்டை மறுபடி மூடினார். "எனக்குத்தான் இப்படி ஒரு கிருமி வாய்க்கலை."